பம்புக்கு ஒரு நாள் ஓய்வு

எங்கள் வீட்டு பம்பைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேச வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கேட்காதவர்களைக்கூடப் பிடித்து உட்கார வைத்து அதைப் பற்றிச் சொன்னவன் நான். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், கோயில் அன்னதானப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை சாவு வீட்டில்கூட, பாடை கட்டி முடிக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று ஆரம்பித்துவிட்டேன். அதனால் இப்போது ரந்தாவ் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என் சௌக்கியத்தை விட்டுவிட்டு பம்பின் சௌக்கியத்தை விசாரிக்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் போகிறேன். வேறென்ன செய்வது, வாங்கி வந்த வரம்.

என் பெயர் சத்தியசீலன். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பம்பு, மோட்டார் பராமரிக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். பம்பின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுமனை ஒதுக்கினார்கள். எங்களுக்கு வந்தது கடைசி மனை. ரோட்டை விட ஓர் ஆள் உயரம் தாழ்ந்த பள்ளம். மற்றவர்களாக இருந்தால் நாலு லாரி மண்ணைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். நான் மூளைக்காரன் ஆயிற்றே. பள்ளத்தை எதற்கு வீணாக்க வேண்டும், அதையே ஓர் அறையாகக் கட்டி அதன் மேல் வீட்டைத் தூக்கலாம் என்று யோசனை சொன்னேன். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு அறை வந்தது. அடுப்படியிலிருந்து படி இறங்கினால் அங்கே போகலாம். நாலு பக்கமும் மண். உயரத்தில் இரண்டு சின்ன ஜன்னல். மழை பெய்தால் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசியும். சுவருக்கு என்ன பூசினாலும் கசியும். மண்ணுக்குக் கீழே குடியிருக்கப் போனால் தண்ணீர் விருந்தாளியாக வரத்தானே செய்யும்.

அதற்குத்தான் பம்பு. அறையின் ஒரு மூலையில் தரையைத் தோண்டி, டிரம் அளவுக்குக் குழி கட்டி, மேலே மூடி போட்டிருக்கிறேன். கசிகிற தண்ணீர் தரையின் சரிவில் ஓடி அந்தக் குழியில் விழும். குழிக்குள் பம்பு உட்கார்ந்திருக்கும். அதோடு ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும். ஓர் அளவுக்கு மேல் போனதும் பம்பு தானாக ஓடத் தொடங்கி, தண்ணீரைக் குழாய் வழியாக மேலே ஏற்றி ரோட்டோர லோங்காங் சாக்கடையில் கொட்டிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் சாவு வீட்டில் முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

கட்டிய புதிதில் அந்த அறையில் பழைய சைக்கிளும் சாக்குமூட்டையும்தான் கிடந்தன. என் மனைவி லோகேஸ்வரி தையல்காரி. ரந்தாவ் டவுனில் முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சுற்று வட்டாரத்தில் பிளவுஸ் என்றால் லோகாதான். சுவாவிலிருந்துகூட வருவார்கள். அவளைப் பிடித்து, நம் வீட்டிலேயே இவ்வளவு பெரிய அறை இருக்கும்போது நீ ஏன் பாதிக் கடையில் முழங்கையை இடித்துக்கொண்டு தைக்கிறாய் என்று நச்சரித்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தண்ணி வந்தா?"

"நான் இருக்கேன்ல."

இந்த இரண்டு வார்த்தையை நான் சொன்ன தோரணை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. அடுத்தவர் துணி தன்னை நம்பிக் கொடுத்தது, ஒரே ஒரு தடவை நனைந்தாலும் தன் பேர் போய்விடும், அன்றைக்கே டவுனுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினைக் கீழே இறக்கச் சம்மதித்தாள்.

அதற்குப் பிறகு பம்புப் பராமரிப்பு என்பது எங்கள் வீட்டில் ஒரு மாதாந்தர உற்சவமாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டிரவுசரை மாட்டிக்கொண்டு இறங்குவேன். மூடியைத் திறந்து குழிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன். மிதவை ஏறும். பம்பு உறுமும். உடனே நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, சங்கீத வித்வான் மாதிரி சத்தத்தைக் கேட்பேன். லோகா அதற்குள் மெஷினை நிறுத்திவிட்டு, மேலே ரோட்டோரம் போய்க் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் வந்ததும் "வருது" என்று குரல் கொடுக்க வேண்டும். தண்ணீர் வருவது எனக்கே தெரியும். ஆனாலும் ஒருவர் சொல்லிக் கேட்பதில் ஒரு சுகம்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, பம்பை வெளியே தூக்கி, அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பேன். தையல் அறை இல்லையா, நூலும் துணிப் பிசிறும் சல்லடையில் வந்து அப்பியிருக்கும். ஒவ்வொரு நூலாக எடுத்து லோகாவின் கண் முன்னால் ஆட்டிக் காட்டுவேன். ஒருநாள் இந்த நூல்தான் என் பம்பைக் கொல்லப்போகிறது, எழுதி வைத்துக்கொள் என்பேன். அவள் அடுத்த பிளவுசுக்குக் கை வைக்கப் போய்விடுவாள்.

இப்போது லோகாவின் தம்பி ஹேமநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவாவில் இருக்கிறான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கிறான். போன வருஷம் ஆயுத பூசைக்கு அந்த லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கும்பிட்ட கையும் இதயமும் மழையாகக் கொட்டின. நான் என் ஸ்பேனர்களைத் தட்டில் அடுக்கிப் படம் போட்டேன். ஒரே ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கினார். அது லோகா. போதாக்குறைக்கு ஹேமநாதன், "மச்சான், ஸ்பூன் எல்லாம் ரொம்ப அழகு" என்று எழுதினான். அன்று சாயங்காலமே அவன் லாரியை எடுத்துக்கொண்டு ஓட்டத்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் நான் விடவில்லை. பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி அன்று மறுபூசை போடாமல் தொடலாமா, இதென்ன சம்பிரதாயம் என்று ஒரு மணி நேரம் போனில் பாடம் எடுத்தேன்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூசை நாங்கள்தான் நடத்துவோம். ஆனால் ஓடுகிற பம்பை நிறுத்த மேனேஜர் விட மாட்டார். கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு எட்டி நின்று பொட்டு வைத்துவிட்டு ஓடி வர வேண்டும். வருஷம் பூராவும் உழைக்கிற ஜீவன், ஒரு நாள் ஓய்வு இல்லையா என்று எனக்கு மனசுக்குள் குறை. சரி, நம் வீட்டிலாவது முறைப்படி செய்வோம் என்று இந்த வருஷம் தீர்மானித்தேன். பக்தி பாதி. ஹேமநாதன் மீதி. உண்மையைச் சொன்னால் பக்தி கால்தான் தேறும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தையல்காரிக்கு அதுதான் அறுவடைக் காலம். கீழ் அறையில் லோகாவின் வெட்டு மேசை மேல் பைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒருத்தியின் தீபாவளி இருந்தது. பட்டு, ஜரிகை, லைனிங் துணி, அளவு பிளவுஸ். ரந்தாவ் முழுக்க உள்ள பெண்கள் நம்பி ஒப்படைத்தது. லோகா சாப்பிடும்போதுகூட விரலால் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு தீபாவளி அன்று போன வருஷத்துப் பிளவுசைப் போட்டுக்கொண்டு நிற்பாள். வருஷா வருஷம் அப்படித்தான். தையல்காரி வீட்டில்தான் கிழிசல் என்று நான் கேலி செய்வேன். இந்த வருஷம் அப்படி இல்லை என்று அவள் ஏதோ சொன்னாள். நான் அப்போது பூசைக்குப் பூ எவ்வளவு வேண்டும் என்ற யோசனையில் இருந்தேன்.

ஆயுத பூசை அன்று காலை அவள் பூவும் வாழையிலையும் வாங்கப் பாசாருக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். பம்பைக் குழியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கினேன். சல்லடையைக் கழற்றித் தனியாகத் தேய்த்தேன். எல்லாவற்றையும் கூடத்தில் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்க ஓர் அகலமான மேசை வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். பைகளை எல்லாம் வெட்டு மேசையிலிருந்து எடுத்துத் தரையில் அடுக்கினேன். சும்மா அடுக்கவில்லை. புத்தியோடு, குழிக்கு எதிர்மூலையில், சுவரை ஒட்டி அடுக்கினேன். கசிவு முதலில் எந்தச் சுவரிலிருந்து வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மேசையை மேலே ஏற்றி, சிவப்புத் துணி விரித்து, நடுநாயகமாக பம்பை வைத்தேன். பக்கத்தில் சல்லடை, ஒரு வாழையிலைத் துண்டில். சுற்றிலும் ஸ்பேனர், சுத்தியல், வெட்டுக் கத்தி, அரிவாள்மனை. சோதனைக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியையும் விடவில்லை. அதற்கும் மூன்று பட்டை விபூதி. எதையெல்லாம் தொட்டு வேலை செய்வோமோ அதையெல்லாம் மேசையில் ஏற்றிவிட்டேன். மூளையை மட்டும்தான் வைக்கவில்லை. ஆனால் அதுவும் அன்றைக்கு ஓய்வில்தான் இருந்தது.

லோகா வந்து பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், பைகள் எங்கே என்றாள். கீழே சுவரோரம் பத்திரமாக இருக்கிறது என்றேன். மழை வந்தால் என்ன செய்வது என்றாள். ஒரு வாரமாகப் புகைமூட்டம், வானத்தில் மேகத்தின் நிழல்கூட இல்லை, மழை எங்கிருந்து வரும் என்று அவளுக்கு வானிலை அறிக்கையும் வாசித்தேன். அவள் மெஷினைக் கீழேயே வைத்துப் பொட்டிட்டு, தன் துணி வெட்டும் கத்தரிக்கோலை அதன் மேல் வைத்துப் பூப் போட்டுக் கும்பிட்டாள். அன்று தையல் கிடையாது. கீழ் அறையைச் சாத்திவிட்டு மேலே வந்துவிட்டாள்.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான இரும்புக் கத்தரிக்கோல். துணியைத் தவிர வேறெதையும் அது தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் அதை எடுத்து ஒரு பால் பாக்கெட்டை வெட்டப் போனேன். அவள் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில், இவள் என்னை விட்டாலும் விடுவாள், இதை விடமாட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

பூசை ஜோராக நடந்தது. சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பொரி. பம்புக்குச் செவ்வந்தி மாலை போட்டேன். மாலை பெரிது, பம்பு சிறிது, இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. படம் எடுத்து, "உழைத்தவனுக்கு இன்று ஓய்வு" என்று எழுதிக் குழுவில் போட்டேன். கும்பிட்ட கைகள் வந்தன. இதயங்கள் வந்தன. சிரிக்கிற முகங்களும் நிறைய வந்தன, அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஹேமநாதன் போன் போட்டு, மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார், பெண் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் டீக்கு வா, நேரிலேயே பார்த்துக் கும்பிட்டுப் போ என்று அழைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அசந்தேன். எழுந்தபோது வீடு இருட்டியிருந்தது. செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து காற்று மண் வாடையோடு வந்தது. லோகா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பம்ப எடுத்துப் போட்டுருங்க."

"நாளைக்கு மறுபூச போட்டுத்தான் எடுக்கணும். இப்ப தொடக்கூடாது லா."

அவள் மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மழைக்கு ஒன்றும் ஆகிவிடாது, குழி தாங்கும் என்றேன். குழி எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். தாங்காது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹேமநாதன் வந்து நிற்பான். போன வருஷம் அவனுக்கு நான் எடுத்த பாடம் இன்னும் காற்றில் இருக்கிறது. அவன் வரும்போது மேசை காலியாக இருந்தால் என் நிலைமை என்ன? லோகாவின் துணியா என் மீசையா என்ற கேள்வி வந்தபோது நான் மீசையைத் தேர்ந்தெடுத்தேன். இதை மென்று முழுங்காமல் சொல்லிவிடுவது நல்லது.

மழை என்றால் அப்படியொரு மழை. கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போய்விடும் போலச் சத்தம். அந்த நேரம் பார்த்து திலகா போன் போட்டாள். கோயில் தலைவரின் மனைவி. அவளுக்குத் துணி தைப்பதும் புலிக்குப் பல் விளக்குவதும் ஒன்று. தன் பட்டு பத்திரமாக இருக்கிறதா, ஆரி வேலைக்குக் கொடுத்து வாங்கியது என்று கேட்டாள். லோகா ஜன்னல் பக்கம் போய், கவலைப்படாதீங்கக்கா, மேச மேல வெச்சிருக்கேன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மேசை மேல் என் பம்பு மாலையோடு உட்கார்ந்திருந்தது.

சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்க் கீழ் அறைக் கதவைத் திறந்தேன். கடைசிப் படியில் கால் வைத்தால் சில்லென்று தண்ணீர். குழி நிரம்பி வழிந்து தரை முழுக்கக் குளமாகியிருந்தது. எதிர்மூலையில் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் சந்தோஷமாக வந்துகொண்டிருந்தது. பைகள் அதில் அடி நனைந்து நின்றன.

முதலில் பைகளைத் தூக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றியது, யாருக்கும் தெரியாமல் தண்ணீரை இறைத்துவிடலாம் என்பது. வாளிக்காக ஓடினேன். வாளி மேசை மேல் விபூதியோடு இருந்தது. அதை எடுத்தால் லோகா பார்த்துவிடுவாள். கைக்கு அகப்பட்டது அடுப்படியில் கிடந்த பொங்கல் பானை. அதில் மொண்டு மொண்டு படியேறி சிங்க்கில் கொட்டினேன். அடியில் ஒட்டியிருந்த முந்திரியும் திராட்சையும் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ ஏறி வரும்போது எதிரே ஹேமநாதன், குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, நின்றுகொண்டிருந்தான். பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இது என்னா பொங்கல்?"

அவன் குரலுக்கு லோகா வந்துவிடுவாள், இனி ஒளித்துப் பயனில்லை என்று நான் பாய்ந்து போய் மேசையிலிருந்து பம்பைத் தூக்கினேன். சம்பிரதாயம், மறுபூசை எல்லாம் மழையோடு போயிற்று. ஆனால் மாலையைக் கழற்றக் கை வரவில்லை. பம்பைத் தொட்டதே ஒரு குற்றம், மாலையையும் பிய்த்து எறிந்தால் சாமி என்னைச் சும்மா விடாது என்று அந்த அவசரத்திலும் ஒரு பக்தி. மாலையும் பொட்டுமாக அப்படியே கொண்டுபோய்க் குழாயில் மாட்டி, குழிக்குள் இறக்கி, சுவரில் உயரத்தில் இருந்த பிளக்கைச் சொருகினேன். பம்பு உறுமியது. இரண்டு மூச்சு தண்ணீரை இழுத்தது. பிறகு "ங்ங்" என்று முனகிவிட்டு நின்றுபோனது.

சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லுகிறவன் அல்லவா நான். உடனே தெரிந்துவிட்டது. மாலையின் நூல் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது. அதைத் தடுக்க வேண்டிய சல்லடை மேலே வாழையிலைத் துண்டில் குங்குமப் பொட்டோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். குரங்கே பிள்ளையார் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன்.

திரும்பினால் லோகா படியில் நின்றாள். அவள் பம்பைப் பார்க்கவில்லை. எதிர்மூலையைப் பார்த்தாள். தரையில், தண்ணீரில், வரிசையாக நின்ற பைகளைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் தம்பியைக் கூப்பிட்டுப் பைகளை மேலே தூக்கச் சொன்னாள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். நான் பம்பைத் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்தேன். செவ்வந்தி இதழெல்லாம் கூழாகி, நூல் சக்கரத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது. நகத்தால் பிடுங்கினேன், பல்லால் கடித்தேன், வரவில்லை. கத்தி எடுத்து வா என்று மேலே கத்தினேன். மேலே ஹேமநாதன் இரண்டு கையிலும் பைகளோடு நின்றான்.

லோகா மெஷினிடம் போனாள். அதன் மேல் பூவோடும் பொட்டோடும் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கணம் அதைப் புடவைத் தலைப்பில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தண்ணீரில் மண்டியிட்டு, சேறும் மணலும் ஒட்டியிருந்த அந்த நூலைச் சக்கரத்தை ஒட்டி நறுக்க ஆரம்பித்தாள். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. ஒவ்வொரு உரசலுக்கும் என் பல் கூசியது. எனக்குப் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல்லே போதாது, அந்தக் குழிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

நூல் வந்ததும் மேலே ஓடிப் போய்ச் சல்லடையை எடுத்து வந்து மாட்டி, பம்பை இறக்கி, பிளக்கைச் சொருகினேன். உறுமியது, ஓடியது. மேலே ரோட்டோரம் குழாய்ப் பக்கத்திலிருந்து ஹேமநாதன், "வருது" என்று கத்தினான். யாரும் அவனிடம் கேட்கவில்லை.

கூடத்தில் மேசையைக் காலி செய்துவிட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். லோகாவின் புண்ணியம், வாடிக்கைக்காரர்கள் துணியை எல்லாம் அவள் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். ஒன்றிரண்டில் லைனிங் ஓரம் மட்டும் ஈரம். திலகாவின் பட்டு காய்ந்த பாக்கு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பையாகத் தப்பிக்கத் தப்பிக்க எனக்கு உயிர் திரும்பியது. உயிர் திரும்பினால் வாயும் திரும்புமே. ஹேமநாதனிடம், என்ன இருந்தாலும் பம்பு பம்புதான், நூல் எடுத்த பிறகு எப்படி இழுத்தது பார்த்தாயா என்று ஆரம்பித்துவிட்டேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஒரு துணிப்பை. பிளாஸ்டிக் இல்லை. சிரம்பான் புடவைக்கடையில் சும்மா கொடுக்கும் பை. பெயர் எதுவும் எழுதவில்லை. உள்ளே மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு பிளவுஸ் துண்டு, வெட்டி மடித்து வைத்தது. கூட மடித்திருந்த சிவப்பு லைனிங்கின் சாயம் முழுக்க அதில் இறங்கி, மஞ்சளெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. லைனிங்கை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயத்தை எடுத்துவிடுவது லோகாவின் வழக்கம். இதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை போல.

"இது யாரோடது?" என்றேன். போன் போட்டு நானே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

லோகா அதை என் கையிலிருந்து வாங்கி, பிழிந்து, நாற்காலி முதுகில் போட்டாள். "போன் போட வேணாம்" என்றாள்.

ஹேமநாதன்தான் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. போன மாதம் அக்காவை அவன்தான் சிரம்பானுக்கு அழைத்துப் போனானாம். இந்தத் தீபாவளிக்கு இவர் வாயை மூடுகிறேன் பார் என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தத் துண்டோடு சேர்ந்த புடவையை எடுத்தாளாம். ஊர் வேலை எல்லாம் முடியட்டும், கடைசியில் தைத்துக்கொள்வோம் என்று அடியில் வைத்திருக்கிறாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

இரண்டு நாள் பொறுத்துத்தான் அவளிடம் கேட்க முடிந்தது. டவுன் கடைக்கே திரும்பிப் போகப் போகிறாயா, அப்படி என்றால் மெஷினை நானே தூக்கி வருகிறேன் என்றேன். அவள் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கியிருந்தாள். ஒரு துண்டுத் துணியில் வெட்டிப் பார்த்தாள். பாதி வழியில் துணியைக் கடித்தது. மறுபடி வெட்டிப் பார்த்தாள்.

"எதுக்குப் போகணும்?" என்றாள். "வாடிக்கக்காரங்க துணி ஒண்ணும் கெடலையே."

தீபாவளி அன்று அவள் போன வருஷத்துப் பிளவுசைத்தான் போட்டுக்கொண்டாள். மாம்பழ மஞ்சள் புடவை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ரந்தாவ் கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் தைத்த தோள்களாகத் தெரிந்தன. திலகா வந்து, என்ன லோகா, தையல்காரி வீட்டில்தான் கிழிசலா என்று கேட்டாள். என் வாயிலிருந்து ஊருக்குப் போன கேலிதான் அது. லோகா சிரித்தாள். நான் விபூதி வாங்கப் போகிற மாதிரி நகர்ந்தேன்.

அடுத்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வாளியோடு இறங்கினேன். அவளைக் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றினேன், மிதவை ஏறியது, பம்பு ஓடியது. நானே படியேறி ஓடிப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு, நானே இறங்கி வந்தேன். பம்பைத் தூக்கிச் சல்லடையைத் தேய்த்தேன். மஞ்சள் நூல் ஒன்று வந்தது. அதை யாருக்கும் ஆட்டிக் காட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கையெல்லாம் சேறும் கிரீசும்.

லோகா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, மெஷினின் பக்கத்தில் ஆணியில் தொங்கிய துடைக்கும் துணியை எடுத்து நீட்டினாள்.

"கையத் தொடச்சிக்குங்க."

மாம்பழ மஞ்சள் பட்டு. நடுவில் சிவப்புத் திட்டு. ஓரம் பிசிறாமல் இருக்க மடித்து, ரொம்ப நேர்த்தியாகத் தைத்திருந்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு, அவள் மறுபடி மெஷின் பக்கம் திரும்பும் வரை நின்றேன். பிறகு கையை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.